நாலு மணிப் பசி: எண்ணூர்ப் பக்கம் சர்க்கரை நோயோடு வாழ்பவர் எதைக் கொறிப்பது?

சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் வீட்டிலும் மருத்துவமனையிலும் பேச்சு சோற்றைச் சுற்றியே நடக்கிறது. காலையில் எத்தனை இட்லி, மதியம் எத்தனை கரண்டி, ராத்திரிக்குச் சப்பாத்தியா தோசையா என்பதெல்லாம் ஒரு சீட்டில் எழுதப்பட்டுவிடும். அந்தச் சீட்டில் பெரும்பாலும் இடம்பெறாதது இடைவேளைப் பசி. மாலை நாலு மணிக்கும், இரவு ஷிப்டில் இரண்டு மணிக்கும், கும்மிடிப்பூண்டி ரயிலுக்காக நிற்கும் அரை மணி நேரத்திலும் வயிறு எதையாவது கேட்கும். கேட்பது நியாயமான பசிதான். ஆனால் அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது டீ, பிஸ்கட், பொறை, பஜ்ஜி, மிக்சர். அத்தனையும் மாவு.

இந்தக் கட்டுரை அந்த இடைவேளையைப் பற்றியது. மாவுச்சத்து குறைவாகவும், சாப்பிட்டவருக்கு நிறைவு தருவதாகவும், எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பக்கத்துக் கூலிக்கு வாங்கக்கூடியதாகவும் இருக்கும் தின்பண்டம் எது? மருத்துவ ஆய்வுகள் இதற்கு என்ன வெளிச்சம் தருகின்றன? அந்தப் பண்டம் வேளைக்குக் கிடைக்காமல் போவது ஏன்? மாவுச்சத்து என்ற சொல்லை இங்கே அரிசி, மைதா போன்றவற்றின் ஸ்டார்ச்சையும் சர்க்கரையையும் சேர்த்தே பயன்படுத்துகிறேன். இவற்றையெல்லாம் பார்த்தபின் எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்று. சர்க்கரை நோயாளிக்கு ஏற்ற கொறிப்பு வடசென்னையின் அடுப்பிலேயே இருக்கிறது. வாயைக் கட்டச் சொல்லும் அறிவுரைக்கு முன், அந்தப் பண்டம் டீக்கடைக்கும் ஆலைக் கேன்டீனுக்கும் வந்து சேர வழி செய்ய வேண்டும்.

எண்களின் கதை

சென்னையில் பெரியவர்களிடையே சர்க்கரை நோய் 1989-இல் 8.3 சதவீதமாக இருந்தது. 2004 வாக்கில் அது 14.3 சதவீதத்தை எட்டியது. ஒரே நகரத்தில் பதினைந்து ஆண்டுகளுக்குள் நடந்த ஏற்றம் இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய 'இண்டியாப்' ஆய்வின் முழு முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் சர்க்கரை நோயோடு வாழ்கிறார்கள் என்றும், தமிழ்நாட்டில் அது 14.4 சதவீதம் என்றும் அந்த ஆய்வு மதிப்பிட்டது. இதற்கு முந்தைய படியில் நிற்பவர்கள் நாடு முழுக்க மேலும் 13 கோடிக்கும் மேல்.

நாம் சாப்பிடுவது எதனால் ஆனது என்பதையும் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். சென்னையில் நடந்த 'கியூர்ஸ்' ஆய்வில், ஒருவர் ஒரு நாளில் பெறும் மொத்தக் கலோரியில் ஏறத்தாழப் பாதி தீட்டிய தானியத்திலிருந்து வந்தது. அதில் முக்கால் பங்கு வெள்ளை அரிசி. 2025-இல் வெளிவந்த இண்டியாப் உணவு ஆய்வின்படி, இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்துதான். மாவுச்சத்தில் வெறும் 5 சதவீதக் கலோரியைக் கழித்துவிட்டு, அந்த இடத்தில் பயறு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதத்தை வைத்தால் சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு குறைவதோடு பொருந்திப்போகிறது என்றும் அதே ஆய்வு காட்டியது. சிவப்பு இறைச்சிக்கு அந்தப் பலன் தெரியவில்லை.

அந்த 5 சதவீதம் இக்கட்டுரைக்கு முக்கியம். நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு அது 100 கலோரி, அதாவது 25 கிராம் மாவுச்சத்து. மூன்று வேளைச் சாப்பாட்டிலும் கை வைக்காமல், கொறிப்பதை மட்டும் மாற்றினாலே எட்டக்கூடிய அளவு அது.

ராயபுரத்தில் நடந்த விவாதம்

மாவுச்சத்தைக் குறைப்பதா கூட்டுவதா என்ற வாதத்தில் வடசென்னைக்குத் தனி இடம் உண்டு. இந்தியச் சர்க்கரை நோய் மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்படும் பேராசிரியர் மு. விஸ்வநாதன், 1948-இல் பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி மருத்துவமனையில் இந்நோய்க்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். 1954-இல் அவர் நிறுவிய எம்.வி. சர்க்கரை நோய் மருத்துவமனை இன்றும் ராயபுரத்தில் இயங்குகிறது.

1922-இல் டொரன்டோவில் முதன்முதலாக மனிதருக்கு இன்சுலின் செலுத்தப்படும் வரை, நோயாளியை ஏறக்குறையப் பட்டினி போட்டு வைப்பதே மேலைநாட்டு வைத்தியமாக இருந்தது. இன்சுலின் வந்த பிறகும் மாவுச்சத்தை வெட்டிக் கொழுப்பைக் கூட்டும் பழக்கம் நெடுநாள் நீடித்தது. அரிசியும் பயறும் உண்டு வளர்ந்த தமிழ்நாட்டு நோயாளிக்கு அந்த உணவுமுறை ஒட்டவில்லை, செலவும் தாங்கவில்லை. விஸ்வநாதனின் குழு எதிர்த் திசையில் யோசித்தது. மாவுச்சத்து நிறைய இருக்கட்டும், அதோடு பயறு, கீரை, காய்கறி வழியாக நார்ச்சத்தும் நிறைய இருக்கட்டும் என்றார்கள். மக்கள் உண்ணும் உணவிலிருந்தே வைத்தியத்தைத் தேட வேண்டும் என்ற அந்த அணுகுமுறை இன்றும் மதிப்புக்குரியது.

காலப்போக்கில் முள் மறுபக்கம் சாய்ந்தது. உடலுழைப்பு குறைந்தது, அரிசி மேலும் மேலும் தீட்டப்பட்டது, நார் தட்டிலிருந்து காணாமல் போனது, மாவு மட்டும் தங்கிவிட்டது. 2019-இல் அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் கருத்தறிக்கை, ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர அதிகச் சான்றுள்ள உணவு உத்தி மொத்த மாவுச்சத்தைக் குறைப்பதுதான் என்றது. இந்தியர்களுக்கு எவ்வளவு குறைப்பது நடைமுறைக்கு ஏற்றது? 2022-இல் இண்டியாப் குழு 18,090 பேரின் உணவுத் தரவை வைத்துக் கணித மாதிரி ஒன்றை உருவாக்கியது. நோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் அதிலிருந்து மீள, கலோரியில் மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதம், புரதம் 19 முதல் 20 சதவீதம் என்ற அளவை அது முன்வைத்தது. கணக்கீட்டில் கிடைத்த விடைதான், நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த முடிவு என்று சொல்ல முடியாது. ஆனாலும் அது காட்டும் திசை நிதானமானது: சோற்றை ஒழிக்கச் சொல்லவில்லை, மாவில் கொஞ்சம் கழித்துப் புரதத்தில் கொஞ்சம் கூட்டச் சொல்கிறது.

நிறைவு எதில் இருக்கிறது?

மாவு குறைந்த பண்டம் என்றாலே சிலருக்கு வெள்ளரிக்காய்தான் நினைவுக்கு வரும். வெள்ளரி நல்லதுதான், 100 கிராமில் 4 கிராம் மாவுச்சத்துகூட இல்லை. ஆனால் எட்டு மணி நேரம் இரும்போடு மல்லுக்கட்டியவருக்கு அது போதாது. அரை மணி நேரத்தில் மறுபடி பசிக்கும், அப்போது பஜ்ஜியைத் தேடிக் கை போகும். நிறைவு தராத கட்டுப்பாடு நீடிக்காது.

1995-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் குழுவினர் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில், அதாவது 240 கலோரி வீதம் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரம் பசி எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால், கேக், குவாசான் போன்ற பேக்கரிப் பண்டங்கள் அதற்கும் கீழே போயின. மீனுக்கு 225 கிடைத்தது. எல்லாவற்றிலும் உச்சம் வேகவைத்த உருளைக்கிழங்கு, 323. வயிறு நிறைவதும் சர்க்கரை ஏறாமலிருப்பதும் தனித்தனிக் கேள்விகள் என்பதை உருளைக்கிழங்கே காட்டிவிடுகிறது. சர்க்கரை நோயாளிக்கு இரண்டுக்கும் சேர்த்து விடை வேண்டும். அந்த விடை புரதம், நார், அளவான கொழுப்பு ஆகிய மூன்றிலும் இருக்கிறது. இவை இரைப்பையில் நெடுநேரம் தங்கி, பசி அடங்கியதை மூளைக்குச் சொல்லும் சுரப்புகளைத் தூண்டுகின்றன.

உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்பதற்கு 1981-இல் டொரன்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு 62 உணவுகளை அளந்து ஒரு குறியீட்டை வகுத்தது. பயறு வகைகளும் வேர்க்கடலையும் அந்தப் பட்டியலின் அடிப்பகுதியில் நின்றன. அடுத்த ஆண்டே அதே குழு இன்னொன்றையும் கண்டது. ஒரு வேளை பருப்பு சாப்பிட்டால், அடுத்த வேளை உண்ணும் உணவுக்கும் சர்க்கரை அவ்வளவு தாவுவதில்லை. மாலை ஐந்து மணிக்குச் சுண்டல் தின்றவருக்கு எட்டு மணிச் சாப்பாட்டிலும் பலன் தொடரலாம் என்பதற்கு இது ஓர் ஆதாரம்.

நம் நாக்குக்கு இன்னொரு நியாயமும் உண்டு. உப்பு, புளிப்பு, காரம், மொறுமொறுப்பு இவை இல்லாமல் கொறித்த நிறைவு வராது. மாங்காய்த் துண்டும் எலுமிச்சையும் மிளகுத்தூளும் வறுத்த வெங்காயமும் சர்க்கரையை ஏற்றாமலே அந்த வேலையைச் செய்கின்றன.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவை

முதலில் டீயையே எடுத்துக்கொள்வோம். கடை டீயில் இரண்டு கரண்டிச் சர்க்கரை என்றால் கிட்டத்தட்ட 10 கிராம். ஷிப்டு வேலையில் ஐந்து டீ குடிப்பவருக்கு அதிலேயே 50 கிராம் சேர்ந்துவிடும். வேகவைத்த சோற்றில் சொன்னால் 180 கிராம், ஒரு சிறு தட்டுச் சோறு. மதியம் பாதிச் சோற்றைத் தியாகம் செய்துவிட்டு, அதையே டீயில் கலந்து குடிக்கிற நிலைமை இது. ஆகவே எந்தப் பண்டத்தைத் தேடுவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய மாற்றம், 'சர்க்கரை இல்லாம ஒண்ணு' என்று மாஸ்டரிடம் சொல்வது. முதல் சில நாள் கசக்கும், பிறகு நாக்கு பழகிவிடும்.

அடுத்தது பிஸ்கட். சர்க்கரை நோயாளிக்கு மேரி பிஸ்கட் தோதானது என்ற நம்பிக்கை ஊர் முழுக்க வேரூன்றியிருக்கிறது. நோயாளியைப் பார்க்க வருபவர்கூட அதைத்தான் வாங்கி வருகிறார். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் மைதாவும் சர்க்கரையும்தான். நாலு பிஸ்கட்டில் 15 கிராமைத் தாண்டிய மாவுச்சத்து இருக்கும், வயிறோ அப்படியே இருக்கும். பொறையும் வர்க்கியும் பன்னும் இதே கதை. பொரி லேசாக இருப்பதால் தீங்கில்லாதது போல் தோன்றுகிறது. அது உப்பிய அரிசி; சீக்கிரம் சீரணித்துச் சீக்கிரம் ஏறும்.

எண்ணெயில் பொரித்தவற்றுக்குள்ளும் வேறுபாடு உண்டு. வாழைக்காய் பஜ்ஜி, உருளைக்கிழங்கு போண்டா, சமோசா ஆகியவற்றின் உள்ளேயும் மாவு, வெளியேயும் மாவு. மசால் வடையும் உளுந்து வடையும் பருப்பால் ஆனவை. மாவுச்சத்து உண்டு என்றாலும் கூடவே புரதமும் நாரும் இருக்கின்றன. வேறு வழியே இல்லாத நேரத்தில் பஜ்ஜிக்குப் பதிலாக ஒரு மசால் வடை என்பது நியாயமான சமரசம். மீண்டும் மீண்டும் காய்ந்த எண்ணெய் இதயத்துக்குக் கேடு என்பதால் அது தினசரிப் பழக்கமாகக் கூடாது.

நல்ல பெயரோடு வரும் மாவு

கேழ்வரகைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. ஆடி மாதக் கூழ் இந்தப் பகுதியின் பண்பாடு, அதன் மீது எனக்கும் பெரும் அன்பு உண்டு. ஆனால் கேழ்வரகைச் சர்க்கரை நோய்க்கு மருந்து போல விற்பது சரியில்லை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டு உணவுப் பட்டியலில், 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் 78 கிராம் மாவுச்சத்து, கேழ்வரகில் சுமார் 67, கம்பில் சுமார் 62. கேழ்வரகில் நாரும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம் என்பது உண்மை. ஆனால் மைய அரைத்துக் கூழாக்கிக் குடித்தால் சீரணம் எளிதாகி, சர்க்கரை வேகமாக ஏறும். சோற்றுக்குப் பதிலாகச் சிறுதானியம் என்பது பொருத்தமான மாற்று. கொறிப்பதற்குச் சிறுதானிய பிஸ்கட், சிறுதானிய முறுக்கு என்றால் அது மறுபடியும் மாவுதான்.

கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் ஆகியவற்றில் சில தாதுக்கள் கூடுதலாக இருக்கலாம். ரத்தத்தில் கலந்தபின் அவையும் சர்க்கரையே. கடலை மிட்டாயில் கடலை நல்லது, பிடித்துவைத்திருக்கும் பாகு நல்லதல்ல. 'சுகர் ஃப்ரீ' என்று அச்சிட்ட பொட்டலத்தை வாங்குபவர் பின்பக்கத்தைத் திருப்பி மொத்தக் கார்போஹைட்ரேட் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சர்க்கரையை எடுத்துவிட்டு மைதாவை அப்படியே வைத்திருக்கும் பண்டங்கள் அவற்றில் ஏராளம். அவை விலையிலும் அதிகம்.

சுண்டல், கடலை, முட்டை

ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஏறத்தாழ 30 கிராம். அதில் மொத்தக் கார்போஹைட்ரேட் 5 கிராம் அளவுக்குத்தான், அதிலும் பாதி நார். புரதம் 7 கிராமுக்கு மேல். அவித்துத் தின்னலாம், மணலில் வறுத்ததை வாங்கலாம், வெங்காயம், மாங்காய், எலுமிச்சை சேர்த்துக் கிளறலாம். கலோரி 170 அளவுக்கு வருவதால் கைப்பிடியோடு நிறுத்த வேண்டும். பேச்சுவாக்கில் பொட்டலம் முழுவதும் தீர்ந்துபோவது எளிது. கொட்டைகளின் கொழுப்பைக் கண்டு பயப்படுபவர்களுக்குச் சென்னையிலேயே ஒரு பதில் இருக்கிறது. 2018-இல் வெளியான ஆய்வில் சர்க்கரை நோயுள்ள 300 பேரில் ஒரு பகுதியினருக்கு 12 வாரம் தினமும் 30 கிராம் உப்பிடாத முந்திரி கொடுத்தார்கள். ரத்தச் சர்க்கரையும் எடையும் கெடவில்லை. நல்ல கொழுப்பு கூடியது, ரத்த அழுத்தத்தின் மேல் எண் சற்றே இறங்கியது. முந்திரி விலைக்குக் கட்டுப்படியாகாத வீட்டில் வேர்க்கடலை அந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம்.

சுண்டலைப் பொறுத்தவரை ஒரு தெளிவு தேவை. அது மாவே இல்லாத உணவு என்று எண்ணக் கூடாது. வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 27 கிராம் மொத்தக் கார்போஹைட்ரேட் உண்டு. அதில் 7, 8 கிராம் நார். புரதம் 9 கிராம் அளவு. மீதி மெதுவாகச் சீரணிப்பது. ஆகவே அரைக் கிண்ணம் என்பது நல்ல அளவு. கடற்கரையில் விற்கும் தேங்காய் மாங்காய்ப் பட்டாணிச் சுண்டலும் இந்தக் கணக்கில்தான் வரும். பொட்டலத்துக்குள் பட்டாணியைக் குறைத்து வெங்காயம், வெள்ளரி, மாங்காய், முளைகட்டிய பயறு என்று கூட்டிக் கேட்டால் இன்னும் நல்லது.

முட்டையில் மாவுச்சத்து ஒரு கிராமுக்கும் குறைவு, புரதம் 6 கிராம். இரண்டு முட்டையை அவித்து, பிளந்து, மிளகும் உப்பும் தூவினால் இரவு ஷிப்டைத் தாண்ட வைக்கும். ஓடே உறையாக இருப்பதால் பையில் எடுத்துப் போகவும் தோது. நீர்மோர், கொய்யாக்காய், பனீர், சர்க்கரை சேர்க்காத தயிரில் போட்ட வெள்ளரி என்று இந்த வரிசையை நீட்டலாம். கொய்யா 100 கிராமில் 14 கிராம் மொத்தக் கார்போஹைட்ரேட், அதில் 5 கிராம் நார். பழம் சாப்பிட ஆசைப்படுபவருக்கு அது நல்ல தேர்வு, சாறாகப் பிழியாமல் கடித்துத் தின்றால். ஓர் இளநீரில் 10 கிராம் அளவுக்குச் சர்க்கரை வரும். வெயிலில் நின்றவர் எப்போதாவது குடிக்கலாம், தண்ணீருக்குப் பதிலாக அல்ல.

கடலும் முகத்துவாரமும்

மாவுச்சத்து துளியும் இல்லாமல், 100 கிராமில் 20 கிராம் அளவுக்குப் புரதம் தரும் உணவு எண்ணூர்க் குப்பங்களின் வாசலிலேயே கரையேறுகிறது. நெத்திலி, மத்தி, கானாங்கத்தை, காரப்பொடி போன்ற சிறு மீன்கள் வஞ்சரத்தைவிடப் பல மடங்கு மலிவு. மத்தியிலும் கானாங்கத்தையிலும் இதயத்துக்கு உகந்த ஒமேகா-3 கொழுப்பும் நிறைய. மீன் என்றால் குழம்பு, குழம்பு என்றால் சோறு என்ற பழக்கத்தால்தான் மீனைக் கொறிக்கும் பண்டமாக நாம் நினைப்பதில்லை. சாயங்காலம் தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் தடவிச் சுட்ட நாலு நெத்திலியோ ஒரு கானாங்கத்தையோ, பக்கத்தில் வெங்காயமும் எலுமிச்சையும் இருந்தால், அதுவே முழுமையான மாலைப் பண்டம். வண்டிக்கடையில் வாங்கும்போது, மசாலாவில் சோளமாவும் மைதாவும் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சுறாவை அவித்து உதிர்த்து வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாயோடு வதக்கும் சுறாப்புட்டில் மாவே கிடையாது. பெரிய சுறாக்களில் பாதரசம் சேர்வதால் அதை அடிக்கடி உண்ணக் கூடாது, கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். கருவாடும் சென்னாகுன்னியும் புரதம் செறிந்தவை என்றாலும் உப்பும் செறிந்தவை. சர்க்கரையோடு பிரஷரும் உள்ளவர்களுக்கு அவை தொட்டுக்கொள்ளும் அளவே போதும்.

இந்த இடத்தில் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தின் நிலையைச் சொல்லாமல் போனால் கட்டுரை நேர்மையாக இருக்காது. அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் பல பத்தாண்டுகளாக அந்த நீரில் சேர்ந்திருக்கின்றன. கழிமுக வண்டலிலும் உயிரினங்களிலும் கன உலோகங்கள் இருப்பதைப் பல ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே வந்த எண்ணெய் முகத்துவாரம் முழுக்கப் பரவியது. வலைகளும் படகுகளும் பாழாயின, குப்பத்து மக்கள் பல நாள் தொழிலுக்குப் போக முடியவில்லை. மீன் இல்லாத நாளில் அந்த வீடுகளின் தட்டில் மிஞ்சுவது ரேஷன் அரிசி. ஓர் ஆறு கெட்டால் அதன் கரையில் வாழ்பவரின் சர்க்கரை அளவும் கெடுகிறது என்பதை நம் மருத்துவ அறிவுரைகள் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. முகத்துவார மீனையும் நண்டையும் தினமும் உண்பதைவிட, கடலில் பிடித்த சிறு மீனை நம்புவது இப்போதைக்குப் பாதுகாப்பான வழி.

அத்தோ வண்டியில் ஒரு விடை

1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் வியாசர்பாடி, எண்ணூர் என்று வடசென்னையின் பல இடங்களில் குடியேறினார்கள். அவர்கள் கொண்டுவந்த அத்தோ இன்று இந்தப் பகுதியின் சொந்த உணவாகிவிட்டது. நூடுல்ஸ்தான் அதன் அடிப்படை என்பதால் சர்க்கரை நோயாளிக்கு அது ஒத்துவராது. ஆனால் அதே வண்டியில் இன்னும் இரண்டு இருக்கின்றன. ஒன்று, அவித்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயமும் பூண்டு எண்ணெயும் புளித்தண்ணீரும் மிளகாய்த்தூளும் திணித்துக் கொடுக்கும் முட்டை மசாலா. மற்றது வாழைத்தண்டு போட்ட சூடான சூப். மாவு மிகக் குறைவு, புளிப்பும் காரமும் மொறுமொறுப்பும் குறைவில்லாமல் இருக்கும். நண்பர்களோடு வண்டியைச் சுற்றி நின்று சாப்பிடும் சந்தோஷத்தையும் இழக்க வேண்டியதில்லை. அத்தோவே வேண்டும் என்பவர் நூடுல்ஸைக் கால் பங்காக்கி முட்டைக்கோஸைக் கூட்டச் சொல்லலாம், முட்டையை முதலில் சாப்பிடலாம். காய்கறியும் புரதமும் முன்னால், மாவு பின்னால் என்ற வரிசையில் உண்டால் சர்க்கரை குறைவாக ஏறுகிறது என்று 2015-இல் நியூயார்க்கில் நடந்த ஒரு சிறு ஆய்வு காட்டியது. இந்த வரிசைமாற்றத்துக்கு ஒரு பைசா செலவில்லை.

கவனிக்க வேண்டியவை

மாவு குறைந்த கொறிப்பு எல்லாருக்கும் எப்போதும் பொருந்தாது. இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் மாவை திடீரென்று குறைத்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். கிரேன் ஓட்டுபவருக்கும், எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரியோடு விடிய விடிய வரிசையில் நிற்பவருக்கும் அது உயிராபத்து. வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்து சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால் அந்த நேரத்துக்குக் கடலையும் முட்டையும் உதவாது. மூன்று கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும், 15 நிமிடத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். சட்டைப்பையில் குளுக்கோஸ் எப்போதும் இருக்கட்டும்.

டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மருந்து எடுப்பவர்கள் மாவை அறவே விட்டால் ரத்தத்தில் அமிலம் தேங்கும் அபாயம் உண்டு. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் புரதமும் பொட்டாசியமும் எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இரவில் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் பகலைவிடக் குறைவு. ஆகவே நைட் ஷிப்டில் இரண்டு மணிக்குச் சாப்பிடும் பன், பகலில் சாப்பிடும் அதே பன்னைவிட அதிகம் ஏற்றும். குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர் ஒரு பண்டத்தைச் சாப்பிடும் முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்தால், எந்தக் கட்டுரையையும்விடத் தெளிவான விடை தன் விரல் நுனியிலேயே கிடைக்கும்.

பண்டம் வர வேண்டிய வழி

இதுவரை சொன்னதில் அரிதான பொருள் எதுவும் இல்லை. இருந்தும் ஆலை வாசலில் நாலு மணிக்கு அவை கிடைப்பதில்லை. பிஸ்கட் மாதக்கணக்கில் கெடாமல் பாட்டிலில் இருக்கும். சுண்டல் மாலைக்குள் விற்றுத் தீர வேண்டும், இல்லாவிட்டால் நட்டம். அந்த நட்டத்துக்குப் பயந்துதான் கடைக்காரர் மாவையே அடுக்குகிறார். கேட்பவர் பத்துப் பேர் சேர்ந்தால் அவர் நிச்சயம் சுண்டலுக்குக் கடலை ஊறப் போடுவார், முட்டை அவிப்பார்.

அரசின் உணவுக் கொள்கையும் மாவின் பக்கமே சாய்ந்திருக்கிறது. 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசம். துவரம் பருப்பு மானிய விலையில் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ அளவுதான். 2013-இல் தொடங்கிய அம்மா உணவகங்கள் ஏழைகளின் பசியாற்றிய அரிய முயற்சி. அங்கும் இட்லி, பொங்கல், சாம்பார் சாதம், தயிர் சாதம், சப்பாத்தி என்று முழுக்கத் தானியம். பசியை ஒழிக்க வந்த திட்டங்கள் அந்தக் காலத்தின் தேவையை நிறைவேற்றின. ஏழில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கும் மாநிலத்தில் அதே தட்டில் இப்போது புரதமும் சேர வேண்டும். சத்துணவில் குழந்தைக்கு முட்டை கொடுப்பதில் நாட்டுக்கே முன்னோடியாக இருக்கும் தமிழ்நாட்டுக்கு, அம்மா உணவகத்தில் மாலையில் ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு முட்டையும் வைப்பது முடியாத காரியமல்ல.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு தேடி மாத்திரை கொண்டுவருகிறது. பின்னர் தொழிற்கூடங்களுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. பரிசோதனைக்காக ஆலைக்குள் வரும் அந்தக் குழுவினர் கேன்டீனையும் பார்க்க வேண்டும். டீயோடு என்ன தருகிறார்கள், சர்க்கரை போடாத டீ கேட்டால் கிடைக்குமா, நைட் ஷிப்டுக்கு முட்டை உண்டா என்ற மூன்று கேள்விகளை அவர்கள் படிவத்தில் சேர்க்கலாம். தொழிற்சங்கங்களும் போனஸ் பேச்சுவார்த்தையோடு கேன்டீன் பட்டியலையும் மேசைக்குக் கொண்டுவரலாம். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதே கேன்டீன் திறந்திருக்க வேண்டும், ஏனெனில் சுண்டல் எடுத்துவர வீட்டில் நேரமும் கையும் இல்லாதவர் பெரும்பாலும் அவர்தான்.

எழுபது ஆண்டுகளுக்கு முன் ராயபுரத்தில் ஒரு மருத்துவர் நோயாளியின் வழக்கமான தட்டிலிருந்தே வைத்தியத்தைத் தேடினார். இன்று தேட வேண்டிய இடம் தட்டுக்கு வெளியே, டீக்கடைப் பலகையிலும் கேன்டீன் மேசையிலும் இருக்கிறது. ஒருவர் செய்யக்கூடியது இன்றைக்கே தொடங்கலாம்: டீயில் சர்க்கரையை நிறுத்துவது, பிஸ்கட் இருந்த இடத்தில் கைப்பிடிக் கடலையோ ஒரு முட்டையோ வைப்பது. அவர் தினமும் அதைச் செய்ய முடிகிறதா என்பது, அவர் வேலை செய்யும் ஆலையும் வாழும் ஊரும் அதை அவருக்கு எட்டும் இடத்தில் வைக்கின்றனவா என்பதைப் பொறுத்தது. அந்தப் பொறுப்பை நோயாளியின் மனவுறுதி மீது மட்டுமே சுமத்தி வந்ததை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும்.